வலப்பக்கத்து ஆனை

வாயனசாலைன்னா மலையாளத்துல வாசகசாலை. வந்த புதுசுல எனக்கு அது தெரியாது. வாய் உள்ளவங்க எல்லாம் கூடி உக்காந்து பேசுற இடம்போலன்னு நெனச்சு, ஒருநாள் மத்தியானம் உள்ள போயிட்டேன். பேசக் கூடாதுன்னு செவுத்துல பெரிசா எழுதிப் போட்டிருக்கு. நாலஞ்சு பேர் பேப்பர் படிக்கிறாங்க, மூலையில ரெண்டு பேர் செஸ் ஆடுறாங்க, ஒருத்தரும் வாயைத் திறக்கல. எனக்கு அந்த இடம் அன்னைக்கே பிடிச்சுப்போச்சு. காலையில நாலரை மணியில இருந்து ஊர்ச் சத்தம் முழுக்கக் கேட்டுக்கிட்டு நிக்கிறவனுக்குப் பேசாத மனுஷங்களைப் பாத்தாலே ஒரு நிம்மதி.

நான் கிழக்கேகோட்டையில, பஸ் ஸ்டாண்டை ஒட்டின ஒரு ஹோட்டல்ல டீ மாஸ்டர். ஊர் தென்காசிக்கு அந்தாண்ட. இங்க வந்து பத்தொன்பது வருஷம். வந்த மொத வாரம் ஒருத்தர் வந்து, "கடுப்பத்தில ஒரு சாயா" அப்படின்னார். என்னடா இது, டீ கேக்கும்போதே கடுப்பா இருக்காரேன்னு, "கடுப்பு வேண்டாம் சார், இப்பத் தந்திருதேன்"னு சமாதானம் சொன்னேன். கடையே சிரிச்சது. கடுப்பம்னா இங்க டிகாஷன் தூக்கலா, ஸ்ட்ராங்கா. அன்னைக்கே நான் பாடம் படிச்சிருக்கணும். தமிழும் மலையாளமும் அக்கா தங்கச்சிதான், ஆனா அக்கா ஒரு சொல்லை எடுத்து ஒரு பொருளுக்கு வச்சா, தங்கச்சி அதே சொல்லை வேற பொருளுக்கு வச்சிருப்பா. படிக்கல. அதனால வந்ததுதான் இந்தக் கதை.

செஸ் எனக்குப் பள்ளிக்கூடத்துலயே தெரியும். ரெண்டரையில இருந்து நாலு வரைக்கும் டீ அடிக்க இன்னொரு ஆள் நிப்பாரு. அந்த நேரம் எனக்கு வாயனசாலை. வெள்ளைக் காய் கிடைச்சா நான் யாரையும் விட மாட்டேன். எடுத்த எடுப்புல பாஞ்சு, எதிராளி மூச்சு விடுறதுக்குள்ள ராஜாவை முட்டுக்குக் கொண்டு வந்திருவேன். கறுப்பு கிடைச்சாலும் அதே பாய்ச்சல்தான். ஆனா வெள்ளை ஒரு நகர்த்தல் முந்தியிருக்குமே. அந்த ஒண்ணுல நான் குப்புற விழுவேன். பதினஞ்சு நகர்த்தல் தாண்ட மாட்டேன். தோத்துட்டா காய் எல்லாத்தையும் டப்பாவுல கொட்டுற சத்தத்துல வாயனசாலைச் செயலாளர் மூக்குக்கண்ணாடிக்கு மேலாப்ல பாப்பாரு. சத்தம் போடக் கூடாதுல்லா.

இந்த வருஷம் ஓணம் முடிஞ்சதும் வாயனசாலைகளுக்கு இடையில செஸ் போட்டின்னு சொன்னாங்க. ஒரு டீமுக்கு நாலு பேர். மூணு பேர் யாருன்னு ஊருக்கே தெரியும். நாலாவது இடம் காலி. டீம் பட்டியலை டைப் அடிச்சு வாசல் பக்கத்துக் கண்ணாடிப் பெட்டிக்குள்ள ஒட்டுவாங்க. அந்தப் பெட்டியைப் பாத்த நிமிஷத்துல இருந்து எனக்கு ஒரே ஆசை. அதுக்குள்ள என் பேரு வரணும்.

சிரிக்காதீங்க. பத்தொன்பது வருஷமா இந்த ஊர்ல என் பேரை ஒரு இடத்துல எழுதிப் பாத்ததில்ல. ரூம் கரண்ட் பில் வீட்டுக்காரர் பேர்ல. கடை போர்டுல முதலாளியோட அப்பா பேரு. வர்றவங்க "அண்ணாச்சி"ன்னு கூப்பிடுவாங்க, "மாஸ்டரே"ம்பாங்க, கோவம் வந்தா வேற ஒரு சொல்லும் சொல்லுவாங்க, அதை இங்க எழுத வேண்டாம். எங்க வீட்டுல புருஷன் பேரைச் சொல்லுற வழக்கம் கிடையாது, "ஏங்க, கேக்குதா"ன்னுதான் போன்ல ஆரம்பிப்பா. பேர் சொல்லிக் கூப்பிட எங்கம்மா இருந்தா. அவளும் போயிட்டா.

செயலாளர் என்னை வெளிய வராந்தாவுக்குக் கூட்டிட்டுப் போய் மெதுவாச் சொன்னார். "அண்ணாச்சி, வெள்ளையில நீங்க புலி. ஆனா குலுக்கல்ல நம்ம நாலாம் போர்டுக்குக் கறுப்பு விழுந்திருக்கு. இங்க உள்ளவங்ககூட கறுப்புல அஞ்சு ஆட்டம் ஆடுங்க. மூணு ஆட்டம் தோக்காம இருந்தாப் போதும், நாலாவது ஆள் நீங்கதான்."

ஜெயிக்க வேண்டாம், தோக்காம இருந்தாப் போதுமாம். கேக்க லேசாத்தான் இருந்துச்சு. ஆனா எனக்குத் தெரிஞ்சது ரெண்டே ரெண்டுதான். ஒண்ணு ஜெயிக்கிறது, இன்னொண்ணு தோக்குறது. நடுவுல ஒரு இடம் இருக்கிறது இந்த நாப்பத்தோரு வயசு வரைக்கும் யாரும் எனக்குச் சொல்லல.

ராத்திரி பூரா யூடியூப் பாத்தேன். கறுப்புக்குன்னு ஆயிரம் தற்காப்பு வச்சிருக்கான். ஒருத்தன் சிசிலியன்ங்கான், இன்னொருத்தன் அது உசிருக்கு ஆபத்துங்கான். ஆழம் தெரியாம காலை விட்டவன் கதிதான். மறுநாள் கடையில ரெண்டு பேருக்குச் சீனி மாத்திப் போட்டுட்டேன்.

அந்தச் சமயத்துலதான் அந்த சேச்சி போன்ல செஸ் ஆடிட்டு இருக்கிறதைப் பாத்தேன்.

சேச்சின்னா அக்கா. எனக்கு அவங்க அக்காவா தங்கச்சியான்னு தெரியாது, என் வயசுதான் இருக்கும். பொன்முடி பஸ்ல கண்டக்டர். காலை டிரிப் போயிட்டு வந்து பதினொன்றரைக்கு எங்க கடையில நின்னு ஒரு டீ குடிப்பாங்க. கடுப்பத்தில, சீனி இல்லாம. தோள்ல பை, கையில டிக்கெட் மெஷின், நெத்தியில ஒரு கீத்துச் சந்தனம். அந்த அம்மா சத்தமாப் பேசி நான் கேட்டதில்ல. பஸ் ஸ்டாண்டுல ஒரு கண்டக்டர் சத்தம் போடாம வேலை பாக்குறதுங்கிறது, நான் பால் இல்லாம டீ விக்கிற மாதிரி.

எட்டிப் பாத்தேன். கறுப்புக் காய். நிதானமா, ஒரு காய்கூட வெட்டுப்படாம நிக்குது. போன்ல இருக்கிற எதிராளி எங்கயோ ஒரு தேசத்துக்காரன், முட்டி மோதிட்டு இருக்கான்.

"சேச்சி, கறுப்புக்கு என்ன ஆடுவீங்க?"

நிமிந்து பாத்தாங்க. டீ மாஸ்டர் கேக்குற கேள்வியான்னு சிரிக்கல. அதுலயே எனக்கு அவங்க மேல ஒரு மரியாதை வந்திருச்சு. "ஃபிரெஞ்ச்"னாங்க. பாதி மலையாளம், பாதி எனக்காகத் தமிழ். "ராஜாவுக்கு முன்னாடி உள்ள காலாள் ஒரு கட்டம். பெறகு அதுக்குப் பக்கத்துக் காலாள் ரெண்டு கட்டம். அவ்வளவுதான், மதில் கெட்டியாச்சு." காலாள்னா சிப்பாய், அது எனக்குப் புரிஞ்சுது. "ஒரே ஒரு குழப்பம் உண்டு. வலப்பக்கத்து ஆனை. மதில் கட்டினா அது அகத்து மாட்டிப் போகும். எப்படியாவது அதை ஏ ஆறுக்குக் கொண்டு வரணும். இல்லன்னா களி தீர்ற வரைக்கும் அங்கயே கிடக்கும்."

அகத்துன்னா உள்ள, களின்னா ஆட்டம். இன்னும் என்னவோ சொல்ல வந்தாங்க. டிரைவர் ஹாரன் அடிச்சார். கிளாஸை வச்சிட்டு ஓடிட்டாங்க.

எனக்கு அது போதும். வலப்பக்கத்து யானை, ஏ ஆறு. ஏ ஆறுன்னா கறுப்புக்கு வலது ஓர வரிசையில மூணாவது கட்டம். எங்க ஊர்ல யானைன்னா மூலையில நிக்கிற காய். நேரா ஓடுமே, அது. அதை எப்படி ஏ ஆறுக்குக் கொண்டு வர்றது? முன்னாடி நிக்கிற சிப்பாயை ரெண்டு கட்டம் தள்ளிட்டு, யானையை ரெண்டு கட்டம் ஏத்தணும். சின்ன விஷயம். யூடியூப்ல ஒருத்தனும் இதைச் சொல்லலையே, மலை மேல போற கண்டக்டருக்குத் தெரிஞ்சது இவனுங்களுக்குத் தெரியலையேன்னு எனக்கு ஒரே பெருமை.

மொத ஆட்டம் காலேஜ்ல கணக்கு எடுக்குற சார்கூட. மதில் கட்டினேன். ஓரத்துச் சிப்பாயைத் தள்ளினேன். யானையைக் கம்பீரமா ஏ ஆறுல கொண்டு வச்சேன். சார் என் மூஞ்சியைப் பாத்தார், போர்டைப் பாத்தார், திரும்ப என் மூஞ்சியைப் பாத்தார். பெறவு அவரோட மந்திரியை, அதான் கோணலாப் போற காய், அந்தக் கோடியில இருந்து இழுத்து என் யானையை வெட்டினார். யானைக்கும் அடி சறுக்கும்னு சொல்லுவாங்க. இது சறுக்கல் இல்ல, நானே கொண்டு போய்க் குழியில தள்ளிவிட்டது. தோத்தேன்.

அன்னைக்குச் சாயங்காலம் சேச்சி மேல எனக்கு வந்த கோவம் சொல்லி மாளாது. வேணும்னே சொல்லியிருக்காங்கன்னுகூட நெனச்சேன். ரெண்டு நாள் அவங்க டீயை மத்தவங்களுக்கு அப்புறம்தான் கொடுத்தேன். அவங்க முறை வர்ற வரைக்கும் நின்னு வாங்கிக் குடிச்சிட்டுப் போனாங்க.

ஆனா கோவம் ஒரு பக்கம், சபலம் ஒரு பக்கம். எதிராளியோட மந்திரி அந்தப் பாதையில இல்லன்னா என் யானை பிழைச்சிருக்குமேன்னு தோணிச்சு. ரெண்டாவது ஆட்டம் ஒரு ஆட்டோக்காரர்கூட. அவர் மெதுவா, தன் சிப்பாயாலேயே தன் மந்திரி பாதையை அடைச்சுக்கிட்டு ஆடுறவர். என் யானை ஏ ஆறுக்கு வந்துச்சு, அங்க இருந்து பக்கத்துக் கட்டத்துக்குத் திரும்பி அவர் சிப்பாயை முறைச்சுக்கிட்டு நின்னுச்சு. அவர் ஆயுசுல அப்படி ஒரு ஆட்டத்தைப் பாத்ததில்லபோல. தலையைச் சொறிஞ்சு சொறிஞ்சு, கடைசியில ரெண்டு பேர்கிட்டயும் ராஜா மட்டும் மிஞ்சி, ஆட்டம் சமம். பாத்தீங்களா, கோட்டித்தனம், அதான் கிறுக்குத்தனம்கூட ஒரு தடவை பலிக்கும்.

மறுநாள் சேச்சிகிட்டக் கொஞ்சம் குத்தலாவே சொன்னேன். "உங்க ஆனை ஒரு ஆட்டத்துல செத்துச்சு, ஒரு ஆட்டத்துல பிழைச்சுது."

எப்படின்னு கேட்டாங்க. டீ கிளாஸ் வைக்கிற மேடையில விரலால தண்ணி தொட்டுக் கட்டம் போட்டுக் காட்டினேன். யானை இப்படி வந்து இங்க நின்னுச்சுன்னேன். சேச்சி அந்தக் கோட்டையே பாத்துக்கிட்டு நின்னாங்க. பெறவு பையில இருந்து உள்ளங்கை அகலத்துக்கு ஒரு காந்தச் செஸ் போர்டை எடுத்து மேடையில வச்சாங்க. மூலைக் காயைத் தொட்டு, "இது எந்தா?"ன்னாங்க.

"யானை."

"இது தேரு" அப்படின்னாங்க. கோணலாப் போற காயைத் தொட்டாங்க. "இது?"

"மந்திரி."

"இதுதான் ஆனை." ராணியைத் தொட்டாங்க. நான் ராணின்னேன். "இதுதான் எங்களுக்கு மந்திரி."

எனக்குத் தலை சுத்திப்போச்சு. பத்தொன்பது வருஷமா இந்த ஊர்ல இருக்கேன், இத்தனை காலமா வாயனசாலையில ஆடுதேன், இது எனக்குத் தெரியல. எப்படித் தெரியும்? அங்கதான் ஒருத்தரும் வாயைத் திறக்கிறதில்லையே. காயைத் தொடுவோம், வைப்போம், கடைசியில 'செக்'கும்போம். ஒரே போர்டுல அவங்க ஒரு ராஜ்ஜியம் நடத்திட்டு இருந்திருக்காங்க, நான் ஒண்ணு நடத்திட்டு இருந்திருக்கேன்.

வெக்கமாப் போச்சு. கடையில நாலு பேர் சிரிக்கப் போறாங்கன்னு சுத்திப் பாத்தேன். சேச்சி சிரிக்கல. டிக்கெட் மெஷின்ல இருந்து ஒரு முழம் வெள்ளைத் தாளை இழுத்துக் கிழிச்சாங்க, பேனாவை எடுத்தாங்க. "தப்பு என்டேதாணு"ன்னாங்க. தப்பு என்னோடதுன்னு அர்த்தம். "எந்தக் காய்னு தொட்டுக் காட்டாமப் போயிட்டேன். இனி உங்க பேர்லயே எழுதித் தர்றேன்." யானை, மந்திரி, ராணின்னு எங்க ஊர்ப் பேரை மலையாள எழுத்துல எழுதி, அடியில நகர்த்தல்களை வரிசையா எழுதினாங்க. ஃபிரெஞ்சுல அந்த மந்திரியை வெளிய எடுக்குற சரியான வழி, பக்கத்துச் சிப்பாயை ஒரு கட்டம் தள்ளி, கோணலா ஏ ஆறுக்கு. அதுக்குக் கீழ இன்னொரு தற்காப்பு. அதுக்கு யாரோ ரெண்டு பேரோட பேரைச் சேத்து வச்சிருக்காங்களாம், என் வாயில நுழையல. அதுல மந்திரி மொதல்லயே வெளிய போயிரும், அப்புறம்தான் கதவை அடைக்கிறது.

எழுதி முடிச்சிட்டு, தாளோட உச்சியில கொஞ்சம் இடம் விட்டிருந்ததைக் காட்டினாங்க. "பேரெந்தா?"

"யார் பேரு?"

"உங்க பேரு. ஆட்டம் எழுதுற தாள்ல ஆடுறவர் பேரு மேல வரணும்."

பத்தொன்பது வருஷத்துல இந்த மேடைக்கு அந்தப் பக்கம் நின்னு ஒருத்தர் என்கிட்ட இதைக் கேட்டதில்ல. சொன்னேன். என் பேர்ல ஒரு 'ழ' உண்டு. எங்க ஊர்லயே முக்கால்வாசிப் பேர் அதை 'ள'வாக்கித்தான் கூப்பிடுவாங்க, நானே அப்படித்தான் சொல்லுவேன், அன்னைக்கும் அப்படித்தான் சொன்னேன். சேச்சி ஒரு நிமிஷம் யோசிச்சிட்டு, மலையாளத்து ழவைப் போட்டு எழுதினாங்க. எழுதினதை வாசிச்சும் காட்டினாங்க. என் பேரு அவ்வளவு சுத்தமா என் காதுல விழுந்தது அதுதான் மொதத் தடவை. நான் பால் சட்டியைப் பாக்குற மாதிரி அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டேன்.

இப்ப நான் ரெண்டுல ஒண்ணைத் தேர்ந்தெடுக்கணும். உள்ள கிடந்து வழி தேடுற மந்திரியா, மொதல்லயே வெளிய போற மந்திரியா. எனக்கு யோசனையே வேண்டாம்னு தோணிச்சு. இருபத்திரெண்டு வயசுல பையைத் தூக்கிட்டு மலையைத் தாண்டினவன் நான். வெளிய போறதுதான் என் ஜாதகம். ரெண்டாவதை எடுத்தேன்.

மூணாவது ஆட்டம், அரசு வேலைப் பரீட்சைக்குப் படிக்க வர்ற ஒரு பொண்ணுகூட. நான் ஜம்முனு மந்திரியை வெளிய விட்டுக் கதவைச் சாத்தினேன். அந்தப் பொண்ணு ஓரத்துச் சிப்பாயை ஒரு தட்டு, பக்கத்துச் சிப்பாயை ஒரு தட்டு. என் மந்திரி ஓடுது, திரும்புது, ஓடுது. எந்தப் பக்கம் போனாலும் சிப்பாய். வீட்டுக்குத் திரும்பலாம்னா கதவைச் சாத்தினவனே நான்தான். நடுத்தெருவுல வச்சு என் மந்திரியைப் பிடிச்சுக்கிட்டா. தோத்தேன்.

மூணு ஆட்டத்துல ரெண்டு தோல்வி. இனி ரெண்டும் தோக்கக் கூடாது. ஒண்ணு போனாலும் கண்ணாடிப் பெட்டியை மறந்துற வேண்டியதுதான்.

எனக்கு வாரத்துல ஒருநாள் லீவு. வழக்கமாத் துணி துவைச்சிட்டுத் தூங்குவேன். அந்த வாரம் பொன்முடி பஸ்ல ஏறிட்டேன். ஏன் ஏறினேன்னு சேச்சி கேக்கல. டிக்கெட் எடுக்க வந்தப்போ, "இவருக்கு முன் சீட் கொடுங்க"ன்னு ஒருத்தரை நகத்தி உக்கார வச்சாங்க. டிக்கெட்டும் கொடுத்தாங்க, அதுல தாட்சண்யம் கிடையாது.

அன்னைக்குத்தான் அவங்க வேலையைப் பாத்தேன். நிக்க இடமில்லாத கூட்டம். யார் டிக்கெட் எடுத்தாங்க, யார் எடுக்கல, எந்தக் கிழவி எந்த வளைவுல இறங்கணும், எல்லாம் தலைக்குள்ள இருக்கு. கல்லாறு தாண்டி மலை ஏறினதும் எஸ்டேட்டுப் பொம்பளைங்க ரெண்டு பேர் தூரத்துல கையைக் காட்டி ஓடி வர்றாங்க. சேச்சி மணிக்கயிறைத் தொடாமக் காத்து நின்னாங்க. யார்கிட்டயும் ஒரு வார்த்தை அதிகமில்ல. நான்லாம் ஒரு டீக்கு நாலு பேச்சுப் பேசுறவன். எனக்கு அவங்களைப் பாக்கப் பாக்க ஆச்சரியமா இருந்துச்சு.

ஒரு கொண்டை ஊசி வளைவுல, மேல இருந்து ஒரு கார் வந்து எங்க பஸ் மூக்குக்கு நேரா நின்னுச்சு. மலை ரோட்டுல ஏறுற வண்டிக்குத்தான் வழி. இறங்குறவன் ஒதுங்கணும். அது நியாயம். கார்க்காரன் ஒதுங்கல, ஹாரனை அமுக்கிட்டு உக்காந்திருக்கான். பஸ்ஸுக்குள்ள எல்லாரும் ஏசுறாங்க. நான் எந்திரிச்சு இறங்கப் போயிட்டேன், நாலு வார்த்தை கேட்டிரலாம்னு. சேச்சி கையை நீட்டி என்னை உக்காரச் சொன்னாங்க. அவங்க இறங்கிப் போய்க் கார்க்காரனைப் பாத்தாங்க. திரும்பி வந்து பஸ்ஸுக்குப் பின்னாடி போனாங்க. விசில் சத்தம் கேட்டுச்சு. அவ்வளவு பெரிய பஸ், அந்த வளைவுல, அவங்க விசிலுக்கு ஒரு முழம் ஒரு முழமாப் பின்னால போச்சு. கார் போயிருச்சு.

"நம்ம பக்கம்தானே நியாயம், நாம எதுக்குப் போகணும்?"னு எனக்கு ஆறல.

"அவனுக்குப் பின்னால எடுக்கத் தெரியல"ன்னாங்க சேச்சி. "வண்டி புதுசுபோல, பாவம். நமக்குத் தெரியும்ல."

அவ்வளவுதான் சொன்னாங்க. அடுத்த ஆளுக்கு டிக்கெட் அடிக்கப் போயிட்டாங்க. நான் மிச்ச வளைவெல்லாம் அதையே நெனச்சுக்கிட்டுப் போனேன். முன்னால போக எனக்குத் தெரியும். பாய எனக்குத் தெரியும். பின்னால எடுக்க ஒருநாளும் நான் படிச்சதில்ல. ஒதுங்குறவன் எளைச்சவன்னு எவனோ என் மண்டையில எழுதி வச்சிருக்கான். பின்னால எடுக்கத் தெரிஞ்சவனாலதான் ஒதுங்கவே முடியும்ங்கிறதை அந்த அம்மா ஒரு விசில்ல காட்டிட்டாங்க.

மேல பனிமஞ்சு மூடியிருந்துச்சு. போன்ல சிக்னல் கிடையாது. பஸ் திரும்புறதுக்கு அரை மணி நேரம் இருக்கு. படிக்கட்டுல உக்காந்து காந்த போர்டுல ஆடினோம். நான் கறுப்பு, ஃபிரெஞ்ச். இதைத்தான் ஆடுவேன்னு அங்க வச்சுத்தான் முடிவு பண்ணினேன். ஓடிப் போற மந்திரி எனக்கு வேண்டாம், அது என் புத்திக்குத் தீனி போடுறது. உள்ள இருக்கிற மந்திரிதான் எனக்குப் பொறுமை படிச்சுக் கொடுக்கும். சேச்சி ஜெயிச்சாங்க. ஆனா அம்பது நகர்த்தல் தாண்டி ஜெயிச்சாங்க. எனக்கு அதுவே திருநாள்.

நாலாவது ஆட்டம் திரும்பவும் கணக்கு சார். இந்தத் தடவை ஏ ஆறுக்கு வந்தது சரியான காய். அவரோட மந்திரியும் என் மந்திரியும் ஒண்ணுக்கு ஒண்ணு வெட்டிக்கிட்டுப் போச்சு. அதுக்கப்புறம் அவரால என் மதிலைத் தொட முடியல. சமம். வெளிய வரும்போது என் தோளைத் தட்டிட்டுப் போனார்.

அஞ்சாவது, செயலாளரே உக்காந்தார். வாயனசாலையில பேப்பர் படிக்கிறவங்க எல்லாம் பேப்பரை மடக்கிட்டு வந்து நின்னாங்க. மதில் கட்டினேன், மந்திரியை ஏ ஆறுல கொண்டு நிறுத்தினேன். அவர் கெட்டிக்காரர். தன் மந்திரியை அந்தப் பாதையில வைக்காம வேற பக்கமாச் சுத்திக் கொண்டு போயிட்டார். என் மந்திரிக்கு வெட்ட ஆளில்ல. நான் பெருமையா நிக்க வச்சிருக்கேன், இந்தப் பக்கம் அவர் குதிரை, மந்திரி, சிப்பாய் எல்லாத்தையும் என் மதிலோட நடுக்கல்லு மேல திருப்பிட்டார். அந்த ஒரு சிப்பாய் விழுந்தா எல்லாம் விழுந்திரும்.

எனக்கு முன்னால ஒரு வழி இருந்துச்சு. ராணியை எடுத்து அவர் பக்கம் பாயலாம். ரெண்டு செக் கொடுக்கலாம். கை ராணி மேல போயிருச்சு. தொட்டா ஆடியே ஆகணும். ஒரு விரற்கடை தூரத்துல கையை நிறுத்திட்டேன். என் காதுல அந்த விசில் கேட்டுச்சு, சத்தியமா. கையை இழுத்து மந்திரியைத் தொட்டு, ஏ ஆறுல இருந்து புறப்பட்ட வீட்டுக்கே பின்னால எடுத்து வச்சேன்.

சுத்தி நின்னவங்க ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கிட்டாங்க. அவ்வளவு பாடுபட்டு வெளிய கொண்டு வந்ததைத் திரும்ப உள்ள வைக்கிறானே, அண்ணாச்சிக்குப் பழைய கோட்டி திரும்பிருச்சுன்னு. செயலாளர் மட்டும் மூக்குக்கண்ணாடியைக் கழட்டித் துடைச்சார். மந்திரி வீட்டுல இருந்து பாத்தா அந்த நடுக்கல்லு நேர் பார்வையில இருந்துச்சு. அவர் முட்டினார். நிக்குது. திரும்ப முட்டினார். நிக்குது. அரை மணி நேரம் கழிச்சுக் கையை நீட்டினார். சமம். நான் காய்களை ஒண்ணொண்ணா எடுத்து, சத்தமில்லாம டப்பாவுல அடுக்கி வச்சேன்.

ரெண்டு நாள் கழிச்சுப் பட்டியல் வந்துச்சு. ரெண்டரை மணி ஆனதும் ஏப்ரனைக்கூடக் கழட்டாமப் போனேன். கண்ணாடிப் பெட்டிக்குள்ள புதுத் தாள். எனக்கு மலையாளம் பஸ் போர்டு வாசிக்கிற அளவுக்கு வரும், எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன். ஒண்ணு, ரெண்டு, மூணு. மூணு பேருக்கும் இனிஷியல், குடும்பப் பேரு எல்லாம் இருக்கு. நாலாவது வரியில விரலை வச்சுக் கூட்டிப் பாத்தேன்.

'அண்ணாச்சி'ன்னு போட்டிருந்துச்சு.

அவங்க மேல தப்பு சொல்ல மாட்டேன். பிரியமாத்தான் கூப்பிடுறாங்க, கேலி இல்ல. அந்த டைப் அடிச்சவருக்கு அதுதான் என் பேரு. ஆனா என் பேரு அது இல்லையே. பழைய நானா இருந்தா கண்ணாடியைத் தட்டியிருப்பேன், இல்ல நாலாவது இடமே வேண்டாம்னு போயிருப்பேன். இப்ப ரெண்டு அடி பின்னால வந்தேன். சட்டைப் பையில கையை விட்டேன். அந்த டிக்கெட் தாள் இருந்துச்சு, டீ ஆவி பட்டுப் பட்டு ஓரம் சுருண்டுபோய்.

செயலாளர் மேசை மேல அதை விரிச்சு வச்சேன். அங்க வாயைத் திறக்கக் கூடாது, நான் திறக்கல. தாளோட உச்சியைத் தொட்டுக் காட்டினேன், பெறவு வாசல் பக்கத்துப் பெட்டியைக் காட்டினேன்.

அவர் குனிஞ்சு பாத்தார். என்னை ஒரு தடவை பாத்தார், தலையைக் குனிஞ்சுக்கிட்டார். பேனாவைத் திறந்தார். எழுதுறதுக்கு முன்னாடி சரிதானான்னு பாக்க, தன்னை மறந்து சத்தமா வாசிச்சார், ழ சுத்தமா. பேப்பர் படிச்சிட்டு இருந்தவங்க எல்லாரும் தலையைத் தூக்கி, அது யாருன்னு பாத்தாங்க.